ஆசீர்வாதம் எண்டால் என்ன? மன்னாரிட்ட கேட்டுப் பார்ப்பம்

எங்கட வட்ஸ்அப் ஸ்டேட்டசுகளில் அடிக்கடி வரும் சொல் 'ஆசீர்வாதம்'. கனடா விசா கிடைச்சால் ஆசீர்வாதம். புதுசா வான் எடுத்தால், அதுக்கு முன்னால நிண்டு எடுத்த படத்துக்குக் கீழே ஆசீர்வாதம். சோதனையில் ஒன்பது 'ஏ' வந்தால் ஆசீர்வாதம். இதில் பிழை ஒன்றுமில்லை. நல்லது நடக்கும்போது கடவுளுக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம்தான்.

ஆனால் எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒருநாள் ஒரு தங்கச்சி கேட்டா: "அப்ப நல்லது நடக்காத ஆக்கள்? 1999இல மடுவில செல் விழுந்து செத்த சனம் ஆசீர்வாதம் இல்லாத சனமா?"

ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. பிறகு தேநீர் வந்தது, கதை வேற பக்கம் போயிற்று. கேள்வி மட்டும் போகவில்லை. அதோடு மல்லுக்கட்டித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். நாங்கள் இறையியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் மன்னாரின் நானூற்று எண்பது வருட வரலாறு எங்களுக்கு முன்னால் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

சொல்லுக்குள் என்ன இருக்கு?

எபிரேய மொழியில் ஆசீர்வதிப்பதற்கான சொல் 'பாரக்'. முழங்கால் என்பதற்கான சொல்லும் அதே எழுத்துக்களில்தான் வரும். இந்தச் சொல் இரண்டு திசையிலும் போகும். கடவுள் மனிதரை ஆசீர்வதிக்கிறார், மனிதரும் கடவுளை ஆசீர்வதிக்கிறார்கள். இரண்டாவதைத் தமிழில் தோத்திரம், புகழ்ச்சி, வணக்கம் என்கிறோம். 1578இல் கொல்லத்தில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகங்களில் ஒன்றின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. அதைத் தமிழாக்கிய அன்றிக்கே அடிகள் 1560களின் தொடக்கத்தில் மன்னாரில் வாழ்ந்தவர் என்பது எங்களில் கனபேருக்குத் தெரியாது.

கிரேக்கத்தில் 'யூலோகியா' என்பார்கள். பிரித்துப் பார்த்தால் 'நல்ல சொல்'. இலத்தீனிலும் அதே பொருள்தான். எங்கட பழைய கத்தோலிக்கத் தமிழில் இன்னொரு சொல்லும் இருந்தது: மந்திரித்தல். மந்திரிச்ச தீர்த்தம், மந்திரிச்ச மெழுகுதிரி, மந்திரிச்ச குருத்தோலை என்று அம்மம்மாமார் இப்பவும் சொல்லுவினம். அந்தச் சொல்லில் கொஞ்சம் மந்திரவாதியின் வாசம் அடிக்கிறது என்றோ என்னவோ, பிறகு அதை விட்டுவிட்டு ஆசீர்வாதம், ஆசி என்று மாற்றிக்கொண்டோம்.

விவிலியத்தில் ஆசீர்வாதம் பெற்றவர்களைக் கொஞ்சம் பாருங்கள். ஆபிரகாமுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் அவருடைய வீட்டுக்குள் பூட்டி வைக்கிற சாமான் இல்லை. அவர் வழியாக மண்ணிலுள்ள எல்லா இனங்களும் ஆசி பெறவேண்டும் என்பதுதான் நிபந்தனையே. யாக்கோபு ஒரு இரவு முழுக்க மல்லுக்கட்டி ஆசி வாங்கினார். விடியும்போது நொண்டிக்கொண்டுதான் போனார். கோவிலில் சிமியோன் என்ற கிழவர் மரியாளையும் யோசேப்பையும் ஆசீர்வதிக்கிறார். அதே மூச்சில் மரியாளிடம் உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்ற மாதிரி சொல்கிறார். ஆசியும் வாளும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

மலைப்பொழிவில் இயேசு பயன்படுத்துவது வேறொரு சொல், 'மக்காரியோஸ்'. ஆங்கிலத்தில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். தமிழில் எங்களுக்கு 'பேறுபெற்றோர்' என்று தனிச்சொல் உண்டு. புரட்டஸ்தாந்து மரபில் 'பாக்கியவான்கள்'. அந்தப் பட்டியலில் ஆர் ஆர் இருக்கினம்? ஏழைகள், அழுகிறவர்கள், நீதிக்காகப் பசித்திருப்பவர்கள், துன்புறுத்தப்படுகிறவர்கள். விசா கிடைத்தவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை. வெற்றி பெற்றவர்களைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. தோற்றுப்போய் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கடவுள் உங்கட பக்கம் என்று சொன்னார்.

இன்னொன்று. 1979இல் எருசலேமில் ஒரு பழைய கல்லறைக் குகையில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். ஏறக்குறைய 2,600 வருடப் பழமை. விரித்துப் பார்த்தால், எண்ணாகமத்தில் வரும் குருக்களின் ஆசியுரை அதில் பொறித்திருந்தது. ஆரோ தாயத்து மாதிரிக் கழுத்தில் போட்டிருந்திருக்க வேண்டும். கடவுள் உன்னைக் காப்பாராக என்ற பொருளுள்ள அந்த ஆசி கிடைத்தது ஒரு கல்லறையில். அது அந்த மனிதரைச் சாவிலிருந்து தடுக்கவில்லை. ஆனால் சாவு வரைக்கும் கூடப் போயிருக்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மன்னாருக்கு வருவோம்.

1544: தண்ணீரும் வாளும்

1544இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையில், கடலுக்கு அந்தப் பக்கம், வேலை செய்துகொண்டிருந்தார். மன்னார்ச் சனம் அவரைக் கூப்பிட்டது. அவரால் வர ஏலாமல் போக, தனக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். பெருந்தொகையானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். அந்த வருடம் முடிய முன்னமே யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் வாள் வந்தது. ஏறக்குறைய 600 பேர் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் அவர்களுடைய நினைவாக இன்றைக்கும் கோவில் இருக்கிறது.

இந்தக் கதையைச் சின்ன வயதில் இருந்து கேட்கிறோம். ஆனால் ஒரு கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்ததில்லை. அந்தச் சனத்துக்குக் கிறிஸ்தவ ஆசீர்வாதம் கிடைத்தது சில மாதங்கள்தான். ஒரு திருமுழுக்கு, கொஞ்சச் செபம், நெற்றியில் ஒரு சிலுவை. பிறகு சாவு. ஆசீர்வாதம் என்றால் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் என்று எடுத்தால், தோட்டவெளியில் கிடப்பவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். ஆனால் எங்கட சனம் அவர்களைப் பேறுபெற்றவர்களாகத்தான் நினைக்கிறது. மலைப்பொழிவின் கடைசி வரிசையில், துன்புறுத்தப்படுகிறவர்களோடு, அவர்களை வைத்திருக்கிறது.

வரலாற்றை முழுசாகச் சொல்லவும் வேணும். சங்கிலியைச் சும்மா கொடியவன் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. அவனுடைய கண்ணுக்கு மதம் மாறுவது போர்த்துக்கேயர் பக்கம் போவதாகத் தெரிந்தது. அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்து இறங்கின. வேதத்துக்காகச் செத்த சனத்தின் பெயரைச் சொல்லி, அதிகாரம் தன்னைத்தானே ஆசீர்வதித்துக்கொண்டது. கோட்டைக்குக் கொடுத்த ஆசியையும் தோட்டவெளியின் ஆசியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

குரு இல்லாத முப்பது வருடம்

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கத்துக்குத் தடை போட்டார்கள். குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவில்கள் பறிபோயின. ஒளித்து வைத்துக் குருவுக்குச் சோறு போட்டால் தண்டனை. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறின என்று மரபு சொல்கிறது. இன்று லட்சக்கணக்கில் சனம் கூடும் மடுத் திருப்பதியின் தொடக்கம் ஒரு இடம்பெயர்வு. எங்கட அம்மா அப்பாவுக்குத் தெரிந்த அதே இடம்பெயர்வு. பெட்டி சட்டிக்குள் எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் நிற்கிற அந்த நேரம். அவர்கள் எடுத்தது மாதாவை.

இங்கதான் எங்கட கேள்விக்கு முக்கியமான ஒரு இடம். ஏறக்குறைய முப்பது வருடம் இந்தப் பக்கத்தில் நிலையாக ஒரு குரு இல்லை. பூசை இல்லை. அப்ப ஆர் ஆசீர்வதிச்சது?

பெற்ற தாய் பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டிருப்பா. ஊரில் மூத்தவர் ஒருவர் செபமாலை முன்சொல்லியிருப்பார். சாகக் கிடந்தவரின் பக்கத்தில் ஆரோ இருந்து செபம் சொல்லியிருப்பினம். இது எங்கள் ஊகம்தான். ஆனால் இப்படி ஒன்றும் நடக்காமல் முப்பது வருடம் ஒரு விசுவாசம் உயிரோடு இருந்திருக்க ஏலாது. மூப்பரும் உபதேசியாரும் எங்கட கோவில்களில் இன்றைக்கும் இவ்வளவு மதிப்போடு இருப்பதற்கு இப்படிப்பட்ட காலங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

இது அவசரத்துக்குச் செய்த குறுக்குவழி இல்லை. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் ஆசியாக இருக்கவும் ஆசி வழங்கவும் அழைக்கப்பட்டவர் என்று 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. சில ஆசிகளைக் குரு மட்டும்தான் கொடுக்கலாம். ஆனால் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் ஆசிக்கு ஆரிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உரோமில் எழுதப்பட முந்நூறு வருடத்துக்கு முதலே காட்டுக்குள் இருந்த சனத்துக்கு அது தெரிந்திருக்கிறது.

1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருவாக வர ஏலாது. கூலியாள் மாதிரி உடுத்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை எடுத்தார். செபமாலையைக் கண்டதும் எந்த முகத்தில் மாற்றம் தெரிகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்க வீடுகளைக் கண்டுபிடித்தார். யோசித்துப் பாருங்கள். ஆசீர்வதிக்க வந்தவர் முதலில் கை நீட்டி வாங்குகிறார். ஒரு பிடி சோற்றைக் கொடுத்தவர்கள்தான் முதலில் அவரை ஆசீர்வதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் திருப்பிக் கொடுத்தார். பின்னாளில் அவரோடு சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழும் சிங்களமும் கற்று நூல்கள் எழுதினார். அவருடைய 'வியாகுல பிரசங்கம்' தவக்காலத்தில் எங்கட பக்கத்துக் கோவில்களில் கேட்டு வளர்ந்த ஒன்று. துக்கத்தையும் ஒரு செபமாகச் சொல்லலாம் என்று இந்தச் சனத்துக்குப் பழக்கியதில் அதற்கும் பங்கு உண்டு.

ஒரு பிடி மண்

மடுவுக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது குறைவு. சின்னப் போத்தலிலோ பொட்டலத்திலோ கொஞ்சம் மடு மண் வரும். பாம்பு தீண்டினால் அந்த மண் காக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. கத்தோலிக்கர் மட்டும் இல்லை, சைவச் சனமும் சிங்களச் சனமும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

இதைப் பார்த்து மூடநம்பிக்கை என்று நாங்கள் சிரித்த காலம் உண்டு. பிறகு வாசித்தபோது ஒரு விசயம் தெரிந்தது. 'யூலோகியா' என்ற அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு, நல்ல சொல் என்பதோடு, இன்னொரு பொருளும் இருந்திருக்கிறது. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் புனித நாட்டுக்கு யாத்திரை போனவர்கள் அங்கிருந்து மண், தண்ணீர், விளக்கெண்ணெய் இவற்றைச் சின்னக் குடுவைகளில் எடுத்து வருவார்கள். அவற்றுக்குப் பெயரே 'யூலோகியா', அதாவது ஆசீர்வாதம். இத்தாலியின் மொன்சா நகரத்துப் பேராலயத்தில் அப்படிப்பட்ட குடுவைகள் இன்னும் இருக்கின்றன. அம்மம்மாவின் மடு மண் போத்தலும் அந்தக் குடுவையும் ஒரே குடும்பம்.

ஏன் மண்? கிறிஸ்தவப் போதனையில் ஆசீர்வாதம் ஆகாயத்தில் மிதக்கிற ஒன்று இல்லை. அது தொடக்கூடிய சாமான்களில் ஒட்டும். அதனால்தான் வள்ளத்தை, வலையை, வீட்டை, கிணற்றை எல்லாம் ஆசீர்வதிக்கிறோம். பேசாலையிலோ வங்காலையிலோ புது வள்ளம் கடலில் இறங்க முதல் சுவாமி வந்து தீர்த்தம் தெளிக்க வேணும். ஆனால் 1984இல் வெளியான ஆசீர்வாதச் சடங்கு நூலைப் பார்த்தால், அந்தச் செபங்கள் முதலில் செய்வது கடவுளைப் புகழ்வது. பிறகு, அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகிற மனிதர்களுக்காக மன்றாடுவது. பலகைக்குள் ஒரு சக்தியை ஏற்றி விடுகிற வேலை இல்லை அது. ஆசீர்வதித்த வள்ளமும் கவிழும். அது எங்கட கடற்கரைச் சனத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கவிழ்ந்தாலும் அந்த மனிதர் கடவுளின் கையில் என்றுதான் அந்தத் தீர்த்தம் சொல்கிறது.

(பாம்பு கடிச்சால் மண்ணைப் பூசிப்போட்டு இருக்காமல் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கோ. மாதா கோவிக்க மாட்டா.)

கோவில் அடைக்கலமாக இருந்த காலம்

இப்ப அந்தத் தங்கச்சியின் கேள்விக்குத் திரும்புவோம்.

1984 டிசம்பரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் மன்னார் மாவட்டத்தில் கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளில், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகள் கொல்லப்பட்டார். 1990இலிருந்து மடுக் கோவிலைச் சுற்றிப் பல்லாயிரம் சனம் கொட்டில் போட்டு இருந்தது. முந்நூறு வருடத்துக்கு முதல் ஒளிக்க வந்த காட்டுக்குத் திரும்பவும் ஒளிக்க வந்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் தேதி அங்கே செல் விழுந்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள், பிள்ளைகளும்தான். 2008 ஏப்ரலில் சண்டை கோவில் வாசலுக்கு வந்தபோது குருக்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதாவும் ஒரு முறை இடம்பெயர்ந்தா என்று சனம் சொல்லும். உண்மையில் அது அவவுக்கு முதல் முறை இல்லை.

மடுவில் செத்தவர்கள் ஆசீர்வாதம் இல்லாத சனமா? இல்லை என்று நாங்கள் சொல்கிறோம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆசீர்வாதம் என்பது செல் படாமல் காக்கும் கவசம் என்று கிறிஸ்தவம் ஒருபோதும் உறுதி தரவில்லை. சிலுவையில் தொங்கினவரைக் கும்பிடுகிற மதம் அப்படி ஒரு உறுதியைத் தரவும் ஏலாது. அது சொல்வது வேறு: அழுகிறவர்கள் கைவிடப்பட்டவர்கள் இல்லை. அவர்களைக் கைவிடாமல் நிற்பது மற்றவர்களுக்கு வைக்கப்பட்ட வேலை. மேரி பஸ்தியன் அடிகள் ஊரை விட்டுப் போகாமல் இருந்ததும், மடுவில் இருந்தவர்கள் ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்ததும் அந்த வேலைதான்.

'நல்ல சொல்' என்பதற்கும் இனிப்பான சொல் என்று அர்த்தம் இல்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப்பு ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் ஒரு எண்ணைச் சொன்னார். கணக்கில் வராமல் போன சனம் 1,46,679 பேர் என்று அரசாங்கத்தின் புள்ளிவிபரங்களை வைத்தே கேட்டார். அந்த நேரத்தில் வாய் திறப்பது லேசான காரியம் இல்லை. தேடுகிற தாய்மாருக்கு அதைவிடப் பெரிய ஆசியுரை ஒன்றை ஒரு ஆயர் வழங்கியிருக்க முடியுமா தெரியாது. 2015 ஜனவரி 14ஆம் தேதி, காலையில் கொழும்பில் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு, திருத்தந்தை பிரான்சிஸ் பின்னேரம் மடுவுக்கு வந்தார். மாதாவின் சுரூபத்தைக் கையில் ஏந்திச் சனத்துக்கு ஆசி கொடுத்தார். மாந்தையிலிருந்தும் மடுவிலிருந்தும் ஓட வைக்கப்பட்ட அதே சுரூபம்.

எங்கட பக்கத்துக் கணக்கு

இத்தோடு நிப்பாட்டினால் நாங்கள் எங்களை நாங்களே ஆசீர்வதித்துக்கொண்டதாக முடியும். அதனால் இன்னும் ஒரு பக்கம்.

ஒரே வாயால் கடவுளைப் போற்றிவிட்டு மனிதரைச் சபிப்பது எப்படி என்று யாக்கோபு தன் திருமுகத்தில் கேட்கிறார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து கடல் வழியாகப் போனவர்கள் எங்கட அயலவர்கள். அதுவும் ஒரு இடம்பெயர்வு. எங்கட செபங்களில் அந்தச் சனத்துக்கு இடம் இருந்ததா? 2019இல் சிவராத்திரிக்கு முதல் நாள், தேவாரம் பாடப்பெற்ற திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் கட்டிய வளைவைப் பிடுங்கி எறிந்தது கத்தோலிக்கரில் ஒரு கூட்டம். காணி யாருடையது என்ற வழக்கை ஒரு பக்கம் வைப்போம். சபிக்கிறவர்களையும் ஆசீர்வதியுங்கள் என்று கேட்டு வளர்ந்த கைகள் அன்றைக்குச் செய்த வேலை அது.

ஆபிரகாமுக்குச் சொன்ன நிபந்தனை இங்கே வந்து நிற்கிறது. எங்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகாத ஆசீர்வாதம் ஆசீர்வாதமே இல்லை. அடுத்த வீடு மசூதிக்குப் பக்கத்தில் இருந்தாலும், சிவன் கோவிலுக்குப் பக்கத்தில் இருந்தாலும்தான்.

ஸ்டேட்டசில் ஆசீர்வாதம் என்று போடாதேங்கோ எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. போடுங்கோ. ஆனால் இந்த முறை ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனால், மண் எடுக்கக் குனிகிற நேரம் ஒரு நிமிசம் நில்லுங்கள். அந்த மண்ணில் கொட்டில் போட்டு இருந்தவர்களை, அங்கேயே செத்தவர்களை நினையுங்கள். அவர்களில் ஒருவரின் வீடு உங்கட ஊரிலும் இருக்கும். திரும்பி வரும்போது அந்தப் பொட்டலத்தில் பாதியை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொஞ்ச நேரம் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள்.